கம்பட்டமுளையும் பழவேற்காட்டு அக்கசாலையும்

ஒரு நாட்டின் பழைய வரலாற்றை அறிதற்குக் கருவியாவன பல. கல்வெட்டும் செப்பேடும் இலக்கியமும் நாணயமும் அவற்றுள் தலையாயின. நாணயத்தை ஆராய்வார் இந்நாளில் பலர் உளர். அது பொன்னோ வெள்ளியோ செம்போ, அதன் நிறை யாது, அதனை வெளியிட்ட அரசன் யாவன், அது வழங்கிய எல்லை யாது என்றெல்லாம் அவர் ஆராய்வர். அந்நாணயத்தை ஈன்ற அச்சினையும், அவ்வச்சினை வெட்டிய கையினையும் நினைப்பார் மிகச் சிலரே. கருவி செய்தலையே குலத்தொழிலாகக் கொண்ட நம் மரபினர்க்கு இப்பின்னைய பொருளே பெரிதும் உரியது. ஆகலின், சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டு ஏரியை ஒட்டி ஒரு காலத்து நடந்த அக்கசாலையை முன்னிட்டு, காசச்சு, இலச்சினையச்சு, பதக்கவச்சு என்பனபற்றிச் சில செய்திகளை ஈண்டு எழுதப் புகுகின்றாம்.

சொல்லும் பொருளும்

முதற்கண் சொற்களை நோக்குவாம். நாணயம் அடிக்கும் இடத்தைத் தமிழர் அக்கசாலை என்றும், கம்பட்டம் என்றும், தங்கசாலை என்றும் வழங்கினர். பொற்கொல்லரை அக்கசாலையர் என்றல் பழைய வழக்கு. பாண்டியர் துறைமுகமாகிய கொற்கையில் உள்ள பிள்ளையார் அக்கசாலைப் பிள்ளையார் என்றே இன்றும் அழைக்கப்பெறுகின்றார். சென்னையில் தங்கசாலைத் தெரு என ஒரு தெரு உண்டு. அங்கே கும்பினியாரின் தங்கசாலை இருந்தமையின் அப்பெயர் எய்தியது. சாலை மறைந்தும் பெயர் மறையவில்லை.

நாணயத்தின்மீது உருவையும் எழுத்தையும் பதிக்கும் எஃகுக் கருவிக்குக் கம்பட்டமுளை என்று பெயர். நிலத்தில் அறையும் முளைபோல அடிமுளை பட்டடையில் இறுக்கப்பட்டு நிற்றலின் இப்பெயர் மிகப் பொருத்தமுடையது. இந்நாளில் அச்சு என்று மட்டும் சொல்லுகின்றோம். அச்சினால் விளைந்த உருவம் பொறி எனப்படும். சோழர்க்குப் புலிப்பொறியும், பாண்டியர்க்குக் கயற்பொறியும், சேரர்க்கு விற்பொறியும் உரியனவாதல் யாவரும் அறிவர். ஆணைமேல் இடுவது இலச்சினை. ஏவலரும் சேவகரும் தம் அதிகாரத்துக்கு அடையாளமாக மார்பிலோ அரைக்கச்சையிலோ அணிந்த உலோகத் தகடு வில்லை. வில்லைச் சேவகன் என்னும் தொடர் சென்ற தலைமுறைவரை பேச்சில் வழங்கியதே. ஆகவே, காசும் இலச்சினையும் வில்லையும் பதக்கமும் பயனால் வெவ்வேறாயினும் பிறப்பால் ஓரினத்தன. அச்சே அவற்றுக்குத் தாய்.

இக்கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையிற் கிடைத்த சேரர் வெள்ளிக்காசுகளில் அரசன் தலையுருவும் மாக்கோதை என்னும் பெயரும் தமிழெழுத்தில் உள்ளன. பெருவழுதி என்னும் பெயர் தாங்கிய பாண்டியர் காசும் கிடைத்துள்ளது. இவ்வெழுத்துகள் காசில் நேராக நிற்கவேண்டுமாயின் அச்சில் தலைகீழாயன்றி இடவலம் மாறி வெட்டப்படல் வேண்டும். கண்ணாடியிற் காணும் எழுத்தைப்போல எழுதும் பயிற்சி ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் கைவினைஞர்க்கு இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதின்று.

ஏரியும் ஊரும்

இனிப் பழவேற்காட்டின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். சென்னைக்கு வடக்கே, இந்நாள் திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தில், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே அமைந்தது இவ்வூர். இதன் பெயரால் வழங்கும் உவர்நீர் ஏரி தமிழகத்திலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கின்றது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒரிசாவின் சிலிகைக்கு அடுத்தபடியாக வைத்து எண்ணப்படுவது. ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டியும் கரைமணலிலும் மீனவர் குப்பங்கள் பல உள்ளன. அங்கு வாழும் பட்டினவர் முதலாயினோர் வலையும் தோணியுமே செல்வமாக உடையவர். அவர் தோணிக்கு ஆணியும் நங்கூரமும் அடித்துக் கொடுத்த கொல்லரும், அவர் மகளிர்க்குத் தாலியும் தோடும் செய்து கொடுத்த தட்டாரும் நம் மரபினரே ஆவர். மீனவர் வலையும் கொல்லர் உலையும் ஒன்றையொன்று பற்றியே அக்கரையில் வாழ்ந்தன.

போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே இக்கரைக்கு வந்து தங்கினர். அதன்பின் ஒல்லாந்தர் வந்தனர். சந்திரகிரியிலிருந்து ஆண்ட விசயநகர வேந்தர் இரண்டாம் வேங்கடபதிராயரின் ஆட்சியில், 1610-ஆம் ஆண்டில் வணிகக் களரி அமைக்கும் உரிமை அவர்க்குக் கிடைத்தது. 1612-இல் போர்த்துக்கீசியர் அக்களரியைத் தாக்கி அழித்தனர். அதனாலேயே ஒல்லாந்தர் 1613-இல் வலிய கோட்டை ஒன்று எழுப்பி, தம் தலைவர் ஒருவரின் பிறந்த நாடாகிய கெல்டர்லாந்தின் பெயரால் அதற்குக் கெல்திரியாக் கோட்டை என்று பெயரிட்டனர். 1690-இல் நாகபட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர் ஆட்சிக்குத் தலைமையிடம் பழவேற்காடே. இங்கிருந்து ஏற்றுமதியான துணிகளும் கைக்குட்டைகளும் கீழ்க்கடல் தீவுகள்வரை சென்றன. வெடிமருந்து செய்யும் சாலையும் இங்கே இருந்தது. 1781-இல் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றினர். பின் திருப்பிக் கொடுத்து, 1795-இல் மீண்டும் கைப்பற்றினர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டையை இடித்தனர். 1824-ஆம் ஆண்டு ஆங்கில ஒல்லாந்த உடன்படிக்கையின்படி 1825-இல் ஊர் முற்றிலும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

இந்நாளில் அங்குச் சென்று காண்பார்க்குக் கோட்டை இருந்த மேடும் அதனைச் சூழ்ந்த அகழியும் முட்செடி மூடிக் காணப்படும். ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் துறையின் காவலில் இருத்தலின் ஓரளவு செவ்வையாக உள்ளது. அதன் வாயிலின் இருமருங்கும் எலும்புக்கூட்டு உருவங்கள் நிற்கின்றன. உள்ளே கல்லறைப் பலகைகளில் இறந்தார் குடியின் இலச்சினைகள் தலைச்சீராவும் கேடயமும் கொடிக்கருக்குமாக நுணுக்கமாய்ச் செதுக்கப்பட்டிருக்கின்றன. படைத்தலைவரும் வணிகத்தலைவரும் தம் குடிப்பொறியைச் சாவிலும் கைவிடார் என்பதனை அக்கற்கள் காட்டும்.

அக்கசாலை

கோட்டை எழுந்து சில ஆண்டுகளுக்குள், 1615-ஆம் ஆண்டளவில், ஒல்லாந்தர் பழவேற்காட்டில் நாணயம் அடிக்கத் தொடங்கினர் என்பர். இந்தியாவில் அவர் அமைத்த முதல் அக்கசாலை இதுவே. அதன் தேவை எளிதில் விளங்கும். துணி நெய்வார்க்கும் சாயம் தோய்ப்பார்க்கும் அரிசி விற்பார்க்கும் இந்நாட்டுக் காசே வேண்டும். ஐரோப்பிய நாணயத்தை அவர் ஏலார். வணிகர் கொணர்ந்ததோ வெள்ளிப்பாளமும், சப்பான் நாட்டுச் செம்பும், பின்னர் அந்நாட்டுப் பொன்னுமாம். சப்பானியரின் நீள்வட்டப் பொற்றகடுகள் சோழமண்டலக் கரைக்கு வந்து உருகி வராகன்களாயின. ஒரு நாட்டுப் பொன் மற்றொரு நாட்டுக் காசாக மறுபிறவி எய்துதற்கு இடையே நின்றது அச்சு.

பழவேற்காட்டுச் செப்புக்காசின் ஒரு பக்கத்தில் ஒல்லாந்தக் கும்பினியின் இலச்சினை இருக்கும். அஃது அவர் மொழியில் அக்கும்பினியின் பெயர்க்குரிய வீ, ஓ, சீ என்னும் மூன்றெழுத்தைப் பின்னியது. நடுவில் பெரிய வீ, அதன் இரு கோட்டிலும் ஓவும் சீயும் கோத்து நிற்கும். பீரங்கியின்மீதும் வாயில் வளைவின்மீதும் காசின்மீதும் இவ்வொரே பொறிதான். காசின் மறுபக்கத்தில் நாகரி எழுத்து இருக்கும். பொன்வராகனிலோ நின்ற திருமால் உருவம் ஒருபுறமும், மணிமணியாகப் புள்ளியிட்ட பரப்பு மறுபுறமும் இருக்கும். கிறித்தவராகிய ஒல்லாந்தர் திருமால் உருவைப் பொறித்தது பக்தியால் அன்று. அவ்வுருவில்லாத பொன்னை இந்நாட்டு வணிகர் நம்பி வாங்கார் என்பது பற்றியே. வராகன் என்னும் பெயரே பன்றிப்பொறியால் வந்தது. பொறி மாறியபின்னும் பெயர் மாறாது நின்றது. மக்கள் நம்பிக்கை அரசரின் ஆணையினும் வலிது என்பதற்கு இது நல்ல சான்று.

பழவேற்காட்டு அக்கசாலை 1674 வரை நடந்து, பின்னர் அத்தொழில் நாகபட்டினத்துக்கு மாறியது. இவ்விரண்டிலும் அடித்த காசுகள் இலங்கையிலும் பரவலாக வழங்கின.

முளை வெட்டும் முறை

இனி அக்கசாலையில் நடந்த வேலையைக் கூறுவாம். பழைய முறை இந்தியா முழுவதும் பெரும்பாலும் ஒன்றே. பொன்னையோ செம்பையோ மூசையிலிட்டு உருக்கிக் கம்பியாக வார்ப்பர். அக்கம்பியை நிறைப்படி துண்டாக்குவர். கூடினதைக் கத்தரித்தும் அராவியும் நிறையைச் சரிசெய்வர். பின் காய்ச்சி, பட்டடையில் தட்டி வட்டமாக்குவர். இவ்வட்டத்துக்கு இனி வேண்டுவது பொறி ஒன்றே. அடிமுளை பட்டடையில் இறுக்கப்பட்டிருக்கும். ஒருவன் வட்டத்தை அதன்மேல் வைத்து மேல்முளையைப் பிடித்துக்கொள்வான். மற்றொருவன் சம்மட்டியால் ஓங்கி ஒருமுறை அடிப்பான். இரு பக்கமும் ஒரே அடியிற் பொறி பதியும்.

இவ்வேலை கண்ணுக்கு எளிது போலத் தோன்றும். ஆயின், முளை வெட்டுதல் அங்ஙனமன்று. முதலில் எஃகைக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டு மென்மையாக்க வேண்டும். அதன்மேல் சித்துளியால் உருவைக் குழியாக வெட்ட வேண்டும். காசில் மேடாக வருவதெல்லாம் முளையில் பள்ளம். காசில் வலமாக வருவது முளையில் இடம். வெட்டி முடிந்தபின் மீண்டும் சிவக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்து வன்மையேற்ற வேண்டும். தோய்ச்சல் குறைந்தால் முளை மழுங்கும். மிகுந்தால் முதலடியிலேயே தெறிக்கும். அப்பதம் அறிதல் நூலால் வருவதன்று; கண்ணாலும் காதாலும் பல்லாண்டுப் பழக்கத்தாலும் வருவது. தென்னாட்டு உருக்கு உலகெங்கும் புகழ்பெற்றிருந்தது. ஒல்லாந்தரும் சோழமண்டலக் கரையின் வடபகுதியிலிருந்து அதனை வாங்கி ஏற்றுமதி செய்தனர். அத்தகைய எஃகைக் கையாண்டு பழகிய கொல்லனும், நுண்ணுரு வெட்டப் பழகிய தட்டானும் ஒருங்கு கூடினாலன்றிக் கம்பட்டமுளை பிறவாது. ஐந்தொழிலும் ஒரு குலம் என்று நம் முன்னோர் கூறியதன் உண்மை இத்தகைய இடத்தில் நன்கு விளங்கும்.

மேல்முளை சம்மட்டியடியை நேரே ஏற்றலின் அடிமுளையினும் விரைவில் தேயும். ஆகவே, ஓர் அடிமுளைக்குப் பல மேல்முளைகள் வேண்டும். முளை விரிசல் கண்டால் அவ்விரிசல் காசின்மீது மெல்லிய மேட்டுக் கோடாகத் தோன்றும். காசு நழுவி இருமுறை அடிபட்டால் உருவம் இரட்டிக்கும். பணம் என்னும் சிறு பொற்காசு முளையினும் சிறிதாகலின், முளையில் வெட்டிய உருவின் ஒரு கூறே அதில் விழும். பல பணங்களை அடுக்கிப் பார்த்தாலன்றி முழுவுரு தெரியாது. இக்காரணங்களால், முளை அழிந்த பின்னும் காசுகளை ஒப்புநோக்கி, இவை ஒரு முளையிற் பிறந்தன, அவை மற்றொரு முளையிற் பிறந்தன என நாணயவியலார் பகுத்துக் காட்டுகின்றனர். காணாமற்போன கருவியை அதன் மக்களின் முகச்சாயல் கொண்டு அறிதல் இது.

முளைகள் நமக்குக் கிடைப்பது ஏன் அருமை எனின், கூறுவாம். தேய்ந்த முளை கள்ளர் கையிற் சிக்கினால் கள்ளக்காசு பெருகும். ஆகலின் அக்கசாலை உடையார் அதனைச் சிதைத்தோ உருக்கியோ விடுதல் எங்கும் வழக்கம். காசு ஆயிரம் ஆயிரமாய்ப் பரவிப் பிழைத்தது. முளையோ தன் கடமை முடிந்தவுடன் உலையிற் புகுந்தது.

நாகபட்டணக் காசு சொல்லும் சான்று

முளை வெட்டினவர் யார் என்னும் வினாவுக்கு நாகபட்டினத்துச் செப்புக்காசு விடை தருகின்றது. ஒல்லாந்தர் அங்கு வெளியிட்ட ஒருவகைக் காசில் ஒருபுறம் தெய்வ உருவும், மறுபுறம் நாகபட்டணம் என்னும் ஊர்ப்பெயர் தமிழெழுத்திலும் இருக்கின்றன. அவ்வெழுத்துகள் சிறுபரப்பில் வரிவரியாக ஒடுங்கி நிற்கின்றன. தமிழெழுத்தின் சுழியும் கொம்பும் அறியாத அயலான் ஒருவன் அவற்றை இடவலம் மாற்றி எஃகில் வெட்டுதல் இயல்வதன்று. அத்தெய்வ உருவும் நம் செப்புத் திருமேனி மரபில் வந்ததேயன்றி ஐரோப்பிய ஓவிய மரபில் வந்ததன்று. ஆதலின், இம்முளை நம் நாட்டுக் கைவினைஞர் கையால் ஆனது என்று துணிதல் தவறாகாது. பழவேற்காட்டு வராகனின் திருமால் உருவுக்கும் இதுவே கூறத்தகும். கும்பினியின் மூன்றெழுத்துப் பொறியையோ நம்மவரும் வெட்டியிருக்கலாம். ஒல்லாந்தர் கொணர்ந்த மாதிரியைப் பார்த்து வெட்டுதல் தேர்ந்த கைக்கு அரிதன்று. ஐயமற்றதை ஐயமற்றதாகவும், ஊகத்தை ஊகமாகவும் கூறுதலே வரலாற்று நெறி. குலப்பெருமைக்காக ஊகத்தை உண்மையாக்குதல் குலத்துக்கே இழுக்காய் முடியும்.

பெயர் பொறித்தலும் பொறியாமையும்

இவ்விடத்து நெஞ்சை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. பழவேற்காட்டுக் காசில் கும்பினியின் பெயருண்டு. நாகபட்டணக் காசில் ஊரின் பெயருண்டு. வெட்டினவன் பெயர் எதிலும் இல்லை.

எக்காலத்தும் இங்ஙனமே இருந்ததோ எனின், அன்று. பழவேற்காடு உள்ள அதே திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காடு என்னும் திருப்பதி உள்ளது. அங்கு 1905-இல் முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேட்டுத் தொகுதி கிடைத்தது. 31 ஏடுகள் ஒரு வளையத்திற் கோக்கப்பட்டு, வளையத்தின்மேல் சோழ முத்திரை பொருத்தப்பட்டிருந்தது. முத்திரையில் புலியும் இரு கயலும் வில்லும் குடையும் கவரியும் உள்ளன. மூவேந்தர் பொறியும் ஒருங்கே சோழன் குடைக்கீழ் அடங்கின என்பது கருத்து. அவ்வேடுகளின் இறுதியில், அவற்றைப் பொறித்த காஞ்சிபுரத்துக் கைவினைஞர் நால்வரின் பெயர்கள் உள்ளன. அவர் ஒரு குடியிற் பிறந்தோர். கடாரம் கொண்ட வேந்தனின் மெய்ப்புகழைச் சொல்லும் ஆவணத்திலேயே உளி பிடித்தவன் பெயருக்கும் இடமிருந்தது.

முகலாயர் நாட்டிலும் அங்ஙனமே. அபுல்பசல் எழுதிய ஐனி அக்பரியில், அக்பரின் தங்கசாலையில் முளை வெட்டிய தில்லி மௌலானா அலி அகமது என்பாரின் பெயர் குறிக்கப்பட்டுள்ளது. எந்நாட்டிலும் அவர்க்கு நிகரில்லை என்று பாராட்டி, அவர் நூற்றுவர் தலைவன் என்னும் படைநிலை பெற்றதையும் அந்நூல் கூறும். எஃகில் எழுத்து வெட்டினவர்க்குப் படைத்தலைமைச் சிறப்பு!

பிற்கால ஆங்கில நாணயத்தைப் பாருங்கள். 1840-ஆம் ஆண்டு முத்திரையிட்ட விக்டோரியா அரசியின் ரூபாயில், கழுத்தின் வெட்டுவாயில் டபிள்யூ, டபிள்யூ என இரண்டு சிறு எழுத்துகள் காணப்படுவதுண்டு. இலண்டனில் அவ்வுருவை வெட்டிய வில்லியம் வையன் என்பாரின் பெயர்முதல் அவை. நம் பாட்டனார் அந்த ரூபாயை மடியிற் கட்டி நடந்தனர். அயல்நாட்டுக் கைவினைஞன் பெயரைத் தம்மையறியாமல் சுமந்தனர். தம் ஊர்க் கைவினைஞன் பெயரைச் சுமக்கும் காசு அவர்க்குக் கிடைக்கவில்லை.

இயந்திரம் வந்தபின்

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சுத் தொழிலின் போக்கே மாறியது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரை அடுத்த சோகோ என்னுமிடத்தில் மத்தேயு போல்டன் என்பார் நீராவியால் இயங்கும் நாணயச்சாலை அமைத்தார். சென்னை மாகாணத்துக்குரிய செப்புக்காசுகளே அங்கு அடிக்கப்பட்டுக் கப்பலேறி வந்தன. 1803-ஆம் ஆண்டும் 1808-ஆம் ஆண்டும் பொறித்த பத்துக்காசும் இருபதுகாசும் அவ்வகையின. 1808-ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றி வந்த அட்மிரல் கார்ட்னர் என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையருகே மணற்றிட்டில் மோதி மூழ்கியது. பல தலைமுறைக்குப் பின் நீர்மூழ்குவோர் அக்காசுகளைத் திரள்திரளாக வெளிக்கொணர்ந்தனர். சென்னைச் சந்தையில் கீரை வாங்கவேண்டிய காசு ஆங்கிலக் கடலின் அடியில் உறங்கிற்று. நம் நாட்டுக் காசை நம் நாட்டிலேயே அடித்த காலம் கழிந்து, பல்லாயிரம் கல் கடந்து அடித்து வருவிக்கும் காலம் வந்தமைக்கு அக்கப்பலே சான்று.

சென்னைத் தங்கசாலையிலும் இயந்திரம் புகுந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வெளிவந்த அரை வராகன், கால் வராகன் வெள்ளிக்காசுகள் காணத்தக்கன. ஒருபுறம் விண்மீன்கள் சூழ்ந்த கோபுரம். மறுபுறம் தாமரையில் எழுந்த திருமால். ஆங்கிலமும் பாரசீகமும் தமிழும் தெலுங்கும் எழுத்தாக உள்ளன. அந்நாளில் ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. 1818-இல் சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாயே நிலையாக்கப்பட்டு வராகனுக்கு மூன்றரை ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. 1835-இல் கும்பினி ஆட்சிக்குட்பட்ட நாடெங்கும் ஒரே ரூபாய் வந்தது. 1869-இல் சென்னைத் தங்கசாலை மூடப்பட்டது. அதனோடு தமிழ்நாட்டில் நாணயம் அடித்தல் முடிந்தது.

படைப் பதக்கத்தின் கதையும் இதுவே. 1799 மே 4-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அப்போரிற் கலந்தோர்க்குக் கும்பினியார் பதக்கம் அளித்தனர். சிங்கம் ஒன்று புலியை வீழ்த்தி மேலே நிற்பது அதன் ஒருபக்கப் பொறி. சிங்கம் ஆங்கிலேயரையும் புலி திப்பு சுல்தானையும் குறிக்கும். கோட்டை மேல் படை ஏறுங் காட்சி மறுபக்கம். தலைவர்க்குப் பொன், அடுத்தவர்க்கு வெள்ளி, பின் வெண்கலம், கடைநிலைச் சிப்பாய்க்கு ஈயம் என நிலைக்கேற்ப உலோகம் வேறுபட்டது; அச்சு மட்டும் ஒன்றே. சோகோ நாணயச்சாலையிற் பணிபுரிந்த குச்லர் என்பார் இவ்வச்சை வெட்டினார். கல்கத்தாவிலும் இப்பதக்கம் அடிக்கப்பட்டது. சென்னைப் படையின் தமிழ்ச் சிப்பாய்கள் மார்பில் அயல்நாட்டு முளையிற் பிறந்த பொறி தொங்கியது. ஒரு காலத்துப் புலிப்பொறி தாங்கிக் கடல் கடந்த நாட்டில், புலி வீழ்ந்த பொறியைப் பரிசாக ஏற்கும் நிலை வந்தமை எண்ணத்தக்கது.

எஞ்சியன யாவை?

இங்ஙனம் அரசர் காசும் படைப் பொறியும் கைவிட்டுப் போகவே, முளை வெட்டும் கலை எங்கே ஒடுங்கியது? நம் வீட்டுப் பட்டறையில் ஒடுங்கியது. பொற்கொல்லர் இல்லங்களில் பித்தளையாலோ வெண்கலத்தாலோ ஆன அச்சுப்பாளங்கள் இன்றும் இருக்கக் காணலாம். உள்ளங்கையளவு பாளத்தில் மாங்காய், மயில், தாமரை, அன்னம், திருமகள் உரு எனப் பத்தும் இருபதும் குழிகளாக வெட்டப்பட்டிருக்கும். மெல்லிய பொற்றகட்டைக் குழியின்மேல் வைத்து, அதன்மேல் ஈயத்துண்டு வைத்து அடித்தால் தகட்டில் உரு எழும்; பின்னர் உள்ளே அரக்கு இட்டு நிரப்புவர். காசுமாலையின் காசுகளும் அங்ஙனம் பிறந்தனவே. உண்மைக் காசுகளைக் கோத்து அணிந்த காலம் போய், காசு போன்ற வட்டத்தில் திருமகளைப் பொறித்துக் கோத்த காலம் வந்தது. ஆகவே, காசுமாலையின் அச்சு கம்பட்டமுளையின் கால்வழியே ஆகும். அரசவையில் இடமிழந்த கலை மணமகள் கழுத்தில் இடம்பெற்றது.

சேவகர் வில்லைக்குரிய அச்சுகளும், கோயிற் பரிவாரத்தார் அணியும் தகடுகளுக்குரிய அச்சுகளும், செட்டிமார் மூட்டைகளுக்கு இட்ட முத்திரைகளும் சில இல்லங்களில் உண்டு. இவற்றின் இன்றைய நிலை என்ன? பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர் ஒன்றில், மூன்று தலைமுறைக்கு முற்பட்ட அச்சுப்பாளங்கள் ஒரு சாக்கில் கட்டப்பட்டுப் பழைய பித்தளை விலைக்கு நிறுத்து விற்கப்பட்டதை இக்கட்டுரையாளன் நேரிற் கண்டதுண்டு. விற்ற முதியவரைக் குறைகூற வாயெழவில்லை. இயந்திரத்தில் அடித்த அணிகலன் நகரத்துக் கடைகளில் நிறைந்துவிட்டது. மகன் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டான். உலை அணைந்து பல்லாண்டாயிற்று. அவர்க்கு மருந்துக்குப் பணம் வேண்டியிருந்தது. பாளத்தின் நிறைக்கு விலை கிடைத்தது; வெட்டிய பாட்டனின் கைக்கு விலை கிடைக்கவில்லை.

செயற்பாலன

அவ்வேரியின் மீனவரிடம் நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. அவர்க்குள் பாடு என்றொரு முறை வழிவழியாக வழங்குகின்றது. எந்நாளில் எந்நீர்ப்பரப்பில் யார் வலையிடுதல் வேண்டும் என்பதைக் குடிவாரியாகச் சீட்டெடுத்தும் முறைவைத்தும் வகுத்துக்கொள்வர். நீரின்மேல் எல்லைக்கல் நாட்ட இயலாது. எனினும் இன்ன இடம் இன்ன குடிக்கு என்னும் நினைவு அவர்பால் அழியாது நிற்கின்றது. நிலையற்ற நீரிலேயே உரிமையைக் கணக்கிட்டு வைத்தோர் அவர். எஃகிலும் பித்தளையிலும் நம் முன்னோர் விட்டுச்சென்றதை நாம் கணக்கிட்டு வைக்கவில்லை என்றால் அது தகுமோ?

ஆதலின், நம் மரபினர் இல்லந்தோறும் உள்ள அச்சுகளைத் தேடி எழுதி வைத்தல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. எவர் வீட்டது, எத்தலைமுறையில் வந்தது, வெட்டினவர் பெயர் நினைவுண்டா, என்ன அணிக்குப் பயன்பட்டது என்பவற்றைக் குறித்தால் போதும். ஒவ்வொரு குழியையும் மெழுகிலோ களிமண்ணிலோ அழுத்திப் படி எடுத்து வைக்கலாம், ஒளிப்படமும் எடுக்கலாம். குழியில் உள்ள அழுக்கைப் புளியிட்டுத் தேய்த்தலும், அமிலம் இடுதலும், அரத்தால் துலக்குதலும் கூடா. உளியின் தடமே அதன் எழுத்து, அது தேய்ந்தால் சான்று போயிற்று. எஃகு முளையாயின் உலர்ந்த துணியால் துடைத்து மெல்ல எண்ணெய் தடவி வைத்தல் வேண்டும். கடற்காற்றின் உப்பு இரும்பை ஓராண்டில் தின்றுவிடும். பழைய அச்சைக் கொண்டு புதிய காசடித்துப் பழங்காசென விற்பாரும் உளர்; அவ்விழிதொழிலுக்கு நம் பட்டறை இடங்கொடுத்தல் ஆகாது.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய நாணயமும் கைவினைப் பொருளும் தொல்பொருளாம்; தனியார் அவற்றை அயல்நாட்டுக்கு அனுப்புதல் குற்றம்; அவற்றை வணிகம் செய்வார்க்கு உரிமம் வேண்டும். மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைக் கடந்தால் மாவட்ட ஆட்சியாளர்க்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பழவேற்காட்டுக் கோட்டை மேட்டில் மழைக்குப் பின் செப்புக்காசு கண்டெடுத்த சிறுவரின் கதையை ஊரார் கூறுவர். அத்தகையவற்றைப் பழஞ்சரக்கு வணிகரிடம் கொடுப்பதினும் அருங்காட்சியகத்தார்க்குக் காட்டுதல் நன்று.

கெல்திரியாக் கோட்டையின் மதில் விழுந்தது, கும்பினி கலைந்தது, வராகன் வழக்கொழிந்தது. அம்மூன்றையும் பொறித்துத் தந்த கை நம் கை. திருவாலங்காட்டு ஏட்டின் கடைவரியில் காஞ்சிபுரத்து நால்வர் பெயர் நின்றதுபோல, ஏரிக்கரைப் பட்டறைகளில் உளி பிடித்தோர் பெயரும் நம் சங்கத்து ஏட்டில் ஒரு வரியேனும் பெறுக. அதற்கு ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் முன்வந்து எழுதத் தொடங்குவாராக. காலந்தாழ்த்தினால் நிறுத்து விற்க ஒரு சாக்கும், உருக்க ஓர் உலையும் எங்கும் ஆயத்தமாக உள்ளன என்பதை மறவாதிருப்போமாக.